வெள்ளிக்கிழமை ஆடு

இனி வெள்ளிக்கிழமைகளில் ஆட்டுக்கறி கிடையாது என்று இன்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் சாப்பாட்டுக் கடைப் பலகையில் எழுதினேன். மாதக் காசு கட்டிச் சாப்பிடும், ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் இலை முன்னால் அமர்ந்தபடியே சிரித்தார்.

"ஆறு நாளு வெட்டிட்டு ஒரு நாளு புண்ணியமா, முதலாளி? வெள்ளிக்கிழமை தப்பிச்ச ஆடு சனிக்கிழமை உங்க சட்டிக்குத்தானே வருது!"

"வரட்டும் கிராணியாரே. அப்போ சனிக்கிழமை ஆடு ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிப் போகுதுல்ல? வருஷக் கடைசியில ஒரு மந்தையே மிச்சம்."

"நாங்க எல்லாரும் எதிர்க்கடைக்குப் போயிட்டா?"

"போங்க. கடையை மூடினாலும் மூடுவேன், பலகையை அழிக்க மாட்டேன்."

முழுச் சைவம் ஆகாதவன் ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாதென்பது எந்த ஊர் நியாயம்? ஆட்சேபம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கிராணியாரோடு பேசி முடித்தது இதுதான்: மாதக் காசில் குறைப்பில்லை, பதிலுக்கு வெள்ளிக்கிழமை வடையும் பாயசமும் கேட்கிற அளவுக்கு.