சத்து மருந்து என்று சொல்லிவைத்தேன்

போன வருடம், துர்கா பூஜை முடிந்த வாரம். கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையில் அம்மாவோடு டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தேன்.

எங்கள் வீடு பவானிபூரில். அப்பா ஒரு டிபன் கடையில் மாஸ்டர். அம்மா இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பாள். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். “நீ படிச்சவன், பார்த்துச் செய்” என்று அப்பா ஒதுங்கிக்கொள்வார்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு அம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் உடைந்துபோவாள் என்று பயந்து, குடலில் புண் என்றேன். பிறகு ஏற்றிய கீமோவை சத்து மருந்து என்றேன். அம்மா அப்படியே நம்பினாள். ரத்தம் குறைவு என்று சொன்ன, தீதி என்று நாங்கள் கூப்பிடும் எதிர்வீட்டு பெங்காலி அக்காவிடம், என் பையன் ஏற்ற வைத்தானே, அதை நீயும் ஏற்றிக்கொள், கை மட்டும் கொஞ்சம் மரத்துப்போகும் என்று சிபாரிசு வேறு.

போன வருடம் எடுத்த ஸ்கேனில் வலது நுரையீரலில் இரண்டு சின்னக் கட்டிகள். குடலிலிருந்து பரவியவை. வேறெங்கும் இல்லை, இரண்டும் ஓரத்தில் இருக்கின்றன, விலாவில் சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர்.

வீட்டில் சளிக்கட்டி என்று சொன்னேன். அம்மா சிரித்தாள். “எனக்கு இருமலே இல்ல. நாலு மாடி ஏறி மாவு கொடுத்துட்டு வரேன். சளிக்கு யாராவது நெஞ்சை அறுப்பாங்களா? படிச்சவன் பேசற பேச்சாடா இது?”

நான் சொன்ன பொய்யின்படி பார்த்தால் அவள் சொன்னதுதான் நியாயம். மூன்று வாரம் கெஞ்சினேன். அசையவில்லை. டாக்டரே சொல்லட்டும் என்று ஒருவழியாகக் கூட்டிவந்திருந்தேன்.

அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் முதலில் உள்ளே போய், உண்மையைச் சொல்லாமல் எப்படியாவது சம்மதிக்க வைக்கும்படி கேட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சம்மதிக்க வேண்டியது உன் அம்மாதான், என்னவென்று தெரியாத ஒருவர் மீது கத்தி வைக்கமாட்டேன், நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானே சொன்னேன். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப அந்த சத்து மருந்து?”

அதையும் சொன்னேன்.

“அடப்பாவி! தீதியையும் ஏத்திக்கச் சொன்னேனேடா!”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா சிரிக்கவில்லை. “என் உடம்புல என்ன இருக்குன்னு ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது, இல்ல?” என்றாள்.

எழுந்து, எனக்காகக் காத்திராமல் டாக்டர் அறைக்குள் போனாள். நான் பின்னால் ஓடினேன். பெங்காலியில் அவளே கேட்டாள். எத்தனை இருக்கிறது, எடுத்தால் திரும்ப வருமா, எடுக்காவிட்டால் என்ன ஆகும். டாக்டர் அவளை மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிட்டு, ஒரு தாளில் நுரையீரலை வரைந்து இரண்டு புள்ளி வைத்துக் காட்டினார். திரும்ப வராது என்று சத்தியம் பண்ணமாட்டேன், ஆனால் இப்போது எடுக்கக்கூடிய நிலையில் இருக்கிறது என்றார். அம்மா அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எப்ப வரணும்?” என்றாள்.

அடுத்த வாரம் ஆபரேஷன் ஆனது. விலாவில் குழாயோடு நான்கு நாள் கிடந்தாள். மூச்சை இழுத்தால் பந்து மேலே ஏறும் ஒரு கருவியைக் கொடுத்தார்கள். வலியோடு வலியாக, நர்ஸ் சொன்னதைவிட அதிகமாகவே இழுத்தாள். முழுவதும் எடுத்தாகிவிட்டது என்று பரிசோதனை அறிக்கை வந்தது. என்னோடுதான் பத்து நாள் சரியாகப் பேசவில்லை.

அதற்குப் பிறகு எடுத்த இரண்டு ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. அடுத்த மாதம் இன்னொன்று இருக்கிறது. ரிப்போர்ட்டை இப்போதெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துதான் பிரிக்கிறேன், வரிக்கு வரி சொல்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியும் என்பதாலேயே அவளுக்குப் பதிலாக பயப்படும் வேலையும் என்னுடையது என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு அம்மாவின் ஆபரேஷனையே நிறுத்தியிருக்கும் என்பது இன்றைக்கும் நெஞ்சை உறுத்துகிறது.