கட்டவிழ்த்த பிறகு

புனேவின் போபோடிப் பகுதியில் தமிழரசியைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது, தம்பியை இடுப்பை விட்டு இறக்கமாட்டாள் என்பதைத்தான். விஜய்க்கு நடை வரவில்லை. பேச்சிலும் ஒரே ஒரு சொல்தான், அதுவும் பாதி: "க்கா." கொரோனாவின் இரண்டாம் அலையில் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது, அவனுக்கு ஏழு. திருவண்ணாமலைப் பக்கத்துச் சொந்தங்கள் போனிலேயே அழுது ஓய்ந்தன.

குழந்தைகள் நலக் குழு அவளைப் பெண்கள் இல்லத்துக்கும், அவனை மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான இல்லத்துக்கும் அனுப்பியது. "நானும் அவன்கூடவே போறேன்" என்று தெரிந்த மூன்று பாஷையிலும் அவள் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் புனேவில்தானே இருக்கின்றன, மாதாமாதம் பார்க்கலாம் என்றார்கள். முதல் வருஷம் கூட்டிப் போனார்கள். பிறகு வண்டி இல்லை, துணைக்கு ஆள் இல்லை, பரீட்சை என்று தள்ளிப்போய், ஒரேயடியாக நின்றது.

பதினெட்டு முடிந்து வெளியே வந்தவளுக்குப் புனேவுக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்தது. மூன்று பெண்களோடு ஓர் அறையில் தங்கினாள். முதல் விடுமுறையிலேயே பஸ் பிடித்துத் தம்பியைப் பார்க்கப் போனாள்.

அவன் வளர்ந்திருந்தான். இரண்டு மணிக்கட்டையும் பழைய துப்பட்டாவால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள்.

"டேய் விஜி, அக்கா வந்திருக்கேன்டா."

குரல் வந்த பக்கம் திரும்பி, "தாயி" என்றான். மராத்தியில் அதற்கும் அக்கா என்றுதான் பொருள். ஆனால் அங்கே வேலை செய்த பெண்கள் எல்லாருமே அவனுக்குத் தாயிதான். தமிழரசியும் அவர்களில் ஒருத்தியாகிப் போயிருந்தாள்.

"எதுக்குக் கட்டியிருக்கீங்க?" என்று பொறுப்பாளர் ரோஹிணியிடம் மராத்தியில் கேட்டாள்.

"கையைக் கடிச்சுக்கிறான். அவன் நல்லதுக்குத்தான்."

"ஏன் கடிக்கிறான்னு பாத்தீங்களா?"

"இந்த மாதிரிப் பிள்ளைங்க கடிக்கத்தான் செய்யும்."

அந்த அறையில் வேறு பிள்ளைகளும் அப்படியே கட்டுண்டு கிடந்தார்கள். தமிழரசி தெருவுக்கு வந்து, குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தாள்.

அதிகாரிகள் ஒரு டாக்டரோடு வந்தார்கள். டாக்டர் விஜய்யின் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பற்கள் அழுகி, ஈறெல்லாம் சீழ் கட்டியிருந்தது. "வலி தாங்காமல் கடித்திருக்கிறான்" என்றார். எத்தனை நாளாக வலி என்று அங்கே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தமிழரசி வராந்தாவில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பற்களைப் பிடுங்கியதும் கடிப்பது நின்றது. இல்லத்தை மூட உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. எங்கெங்கே இடம் இருந்ததோ அங்கங்கே பிள்ளைகளைப் பிரித்து அனுப்பினார்கள். விஜய்க்குக் கிடைத்தது, ஒரு ராத்திரி பஸ் பயணத் தூரத்தில் இருக்கும் லாத்தூர்.

"எங்கிட்டயே குடுத்துடுங்க மேடம்" என்று குழுவின் முன்னால் போய் நின்றாள்.

"நீ ஷிப்டுக்குப் போனா அவனை யாரும்மா பாப்பாங்க? நாலு பேர் இருக்கிற ரூம்ல எங்க படுப்பான்? தனி வீடு பாரு, பகல்ல பாத்துக்க ஆள் பாரு. அப்புறம் வா." குழுத் தலைவி கனிவாகத்தான் சொன்னார். எதிர்த்துச் சண்டை போடக்கூட அந்தக் கனிவு இடம் தரவில்லை.

போபோடியில் பழைய பக்கத்து வீட்டுக்காரி பவுன் கடிந்துகொண்டாள். "வாய வச்சிக்கினு சும்மா இருந்திருந்தா பஸ்சு ஏறுனா பாக்கற தூரத்துலயாவது இருந்திருப்பான். இப்ப பாரு!"

"கட்டிப்போட்டுக் கிட்டக்க இருக்கறதுக்கு, கைய ஆட்டிக்கினு தூரத்துலயே இருக்கட்டும் பவுனக்கா" என்றாள் தமிழரசி.

தீபாவளி விடுமுறையில் லாத்தூருக்குப் போனாள். இல்லம் சுத்தமாக இருந்தது. விஜய் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கைகளைத் தட்டிக்கொண்டிருந்தான். "விஜி" என்று அவள் குனிந்ததும் தட்டுவது நின்றது. பக்கத்தில் இருந்த பணிப்பெண்ணின் முந்தானையைப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டான். போன தடவை இந்தக் குரல் வந்து கூப்பிட்ட பிறகுதானே ஊசி, வண்டி, புது ஊர் எல்லாம் வந்தன! தமிழரசிக்கு அது புரிந்தது. அவன் பயப்படாத தூரத்தில் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். மாலை வரைக்கும் அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இப்போது ரஞ்சன்காவில் வீடு தேடுகிறாள். கூடவே வந்து தங்கிப் பகலில் பார்த்துக்கொள்வதாகப் பவுன்தான் சொல்லியிருக்கிறாள். வீடுதான் அமையவில்லை. போன வாரம் ஒரு வீட்டுக்காரர் எல்லாம் பேசி முடித்துவிட்டு, "பையன் சத்தம் போடுவானா?" என்று கேட்டார்.

"போடுவான்" என்றாள்.

அவர் கேட்டைச் சாத்திக்கொண்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு உள்ளே போய், அப்புறம் அவன் வாயைப் பொத்த அவளால் ஆகாது.