ஊமைத் தட்டு

பென்னாகரத்தில் என்னிடம் இருந்த அளவுக்கு சினிமாப் பாட்டுத் தட்டுகள் வேறு யாரிடமும் இருந்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மற்றவர்கள் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். என் வீட்டில் தட்டுகள் இருந்தன.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. காட்டுப் பொருள் குத்தகை எடுத்த ஒருவரின் கிடங்கில் எடை போடுவது என் வேலை. மலையிலிருந்து புளி, கடுக்காய், தேன், கொஞ்சம் அரக்கு எல்லாம் வரும். தராசைப் பார்த்து எடையைச் சொன்னால் போதும், மேற்கொண்டு யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. யாராவது நேராகப் பார்த்து ஒன்று கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான் ஆயிற்று. "ஏம்ப்பா, மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்று பெண்ணின் மாமன் கேட்டார். வரும் என்று நான் சொல்வதற்குள் அவர்கள் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அம்மா இறந்த பிறகு வீட்டில் நான் மட்டும்தான்.

கிராமபோன் பெட்டி, மாற்றலாகிப் போன காட்டு இலாகா ரேஞ்சர் ஒருவர் விற்றுவிட்டுப் போனது. சாவி கொடுத்தால் ஓடும். கைப்பிடி மட்டும் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போகப் போகிறேன் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

தட்டு வாங்க சேலம் போவேன். தர்மபுரி போய் பஸ் மாறி, தொப்பூர்க் கணவாய் வழியாகப் போக வேண்டும். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து பஸ்கள் கரியில் ஓடின. கணவாய் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடும். கண்டக்டர் எல்லோரையும் இறங்கி நடக்கச் சொல்வார். நடக்கும்போது, கடைக்காரரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். எனக்குத் தட்டுகள் மேல் நிறையக் குறை உண்டு. படத்தில் ஒருவர் பாடியிருப்பார், தட்டில் வேறு ஒருவர் பாடியிருப்பார். படத்தில் மூன்று சரணம் இருக்கும், தட்டில் இடம் போதாது என்று ஒன்றை விழுங்கிவிடுவார்கள். நல்ல வாத்தியம் தொடங்கும் இடத்தில் தட்டு முடிந்துவிடும். "அடுத்த தடவை அச்சடிக்கும்போது முழுசாகப் போடச் சொல்லுங்கள்" என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். கணவாய் முழுக்க இதைத் திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்ப்பேன். கடைக்குள் நுழைந்ததும், "புதுசு ஏதாச்சும் வந்திருக்குதுங்களா?" என்பது மட்டும்தான் வாயில் வரும்.

அப்படி வாங்கி வந்தவற்றில் ஒன்றுதான் ஊமைத் தட்டு. அந்தப் பெயர் ஊர்க்காரர்கள் வைத்தது. அது ஒரு படத்தில் பாட்டே இல்லாமல் வந்த வெறும் வாத்திய இசை. அந்தப் படத்தில் சிரித்தாலும் பாட்டு, அழுதாலும் பாட்டு, கதவைத் திறந்தாலும் பாட்டு. ஒரே ஒரு இடத்தில் மட்டும், ஒரு பெண் ஆற்றங்கரையில் பரிசலுக்காகக் காத்திருப்பாள். பரிசல் வராது. அவள் பாடமாட்டாள், பேசவும் மாட்டாள். கிளாரினெட் ஒன்று மட்டும் வாசிக்கும். பின்னால் பிடில் வந்து சேரும். தர்மபுரிக் கொட்டகையில் அந்த இடம் வந்ததும் ஆட்கள் எழுந்து பீடி பற்றவைக்கப் போனார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்காத ஒருத்திக்கு இப்படி ஒரு வாத்தியம் வைக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அது தட்டாக வரும் என்று நான் நினைக்கவே இல்லை. வந்தது. அதிலும் ஒரு குறை. பிடில் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் வெட்டியது போல முடிந்துவிடும்.

கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் என் பெட்டியைக் கேட்டு வருவார்கள். பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டால் யாரும் என்னோடு பேசமாட்டார்கள் என்பதால் நானும் போவேன். அந்தத் தட்டை வைத்தால் மட்டும் கூச்சல் போடுவார்கள்.

"என்னங்கண்ணா, பாடறவன் தூங்கிட்டானா?"

"இது ஊமைத் தட்டுடா. இவரு மாதிரியே."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

என் வீட்டை ஒட்டிய வீட்டில் ஆஸ்பத்திரி நர்சம்மா குடியிருந்தார். பிரசவம் பார்ப்பவர். என் வயதுதான் இருக்கும். கிறிஸ்தவ வேதக்காரர், கூட யாரும் இல்லை. இரண்டு புழக்கடைகளுக்கும் நடுவே ஒரு குட்டை மண்சுவர். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் ஊமைத் தட்டு ஓடி முடிந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஏங்க, பாட்டே இல்லாத ஒண்ணு வெச்சீங்களே, அத இன்னொருக்கா வெக்கறீங்களா?"

சாவி கொடுத்து மறுபடி வைத்தேன். முடிந்ததும் அவர் சொன்னார்: "நாளெல்லாம் ஆஸ்பத்திரியில கத்தறதையே கேட்டுட்டு வர்றேனுங்க. யாரும் கத்தாம இருக்கறது இது ஒண்ணுதான்."

அதன் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் வேலை முடிந்து வந்து, கால் கழுவித் தண்ணீரை ஊற்றும் சத்தம் கேட்டதும் நான் தட்டை வைப்பேன். அவர் அந்தப் பக்கம் படியில் உட்கார்ந்திருப்பார். முடிந்ததும், "சரிங்க" என்பார். நான் பெட்டியை மூடுவேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான். ஆனாலும் கிடங்கில் பிற்பகலானால் நான் வெயிலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

சண்டை வந்து கிராமபோன் ஊசி கிடைக்காமல் போயிற்று. "நர்சம்மா வூட்டுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு உனக்கு ஊசிக்குப் பஞ்சமா?" என்று கிடங்கில் கேலி செய்தார்கள். நான் கருவேல முள்ளை ஒடித்து, காய வைத்து, நுனியைச் சீவிப் பொருத்தினேன். சத்தம் குறைந்தது. ஆனால் கிளாரினெட்டுக்கு முள்தான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த நாள் நர்சம்மா, "இன்னிக்கு என்னமோ மெத்துனு இருக்குதுங்க" என்றார். முள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மாட்டுவண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. வீட்டுக்கு வந்து பார்த்தால், ஊமைத் தட்டின் ஓரத்திலிருந்து உள்ளே ஒரு விரற்கடை அளவுக்கு மயிரிழை போல விரிசல். வைத்துப் பார்த்தேன். ஓடியது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம்.

"அது என்னங்க, பல்லி கத்தற மாதிரி?" என்றார் நர்சம்மா.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவருக்காக என்று வைக்கும் ஒரே பொருளில் ஒரு பழுது வந்துவிட்டதே என்று இருந்தது.

தட்டு அரக்கில் செய்வது என்று எனக்குத் தெரியும். கிளையோடு ஒட்டி வரும் அரக்கை நான்தானே தினமும் நிறுக்கிறேன். எங்கள் பக்கத்தில் அரக்கு என்றால் நகை செய்யும் ஆசாரிதான். தோட்டுக்கும் குண்டுக்கும் உள்ளே அரக்கு வைத்து அடைப்பவர் அவர். சூடு காட்டினால் அரக்கு இளகும், இளகினால் ஒட்டும். கிடங்கில் ஒரு நல்ல அரக்குத் துண்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, தட்டோடு அவர் பட்டறைக்குப் போனேன். வேறு ஊராக இருந்தால் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. பென்னாகரத்தில் எனக்கு வந்தது, ஆசாரிக்கும் அது சரியாகவே பட்டது.

"இதென்ன பெரிய காரியம்? தாலிக்குண்டையே அடைக்கறவன்கிட்ட வந்துட்டுக் கவலப்படற," என்றார்.

குமுட்டி அடுப்புக்கு மேலே தட்டைப் பிடித்து, விரிசல் மேல் ஊதுகுழலால் மெல்ல ஊதினார். முதலில் பளபளவென்று ஒரு மினுமினுப்பு வந்தது. கோடு மறைவது போலவே இருந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அடுத்த மூச்சில் தட்டின் ஓரம், வெயிலில் கிடந்த வெற்றிலை மாதிரித் தொங்கியது.

"அட, புடி புடி!" என்று அவர் கத்தினார். பிடித்தேன். என் விரல் பட்ட இடத்தில் விரல் பதிந்தது. தண்ணீரில் போட்டார். குதிரைச் சேணம் போல வளைந்தபடியே இறுகிவிட்டது.

ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அரக்குன்னு சொன்ன! இதுல பாதி மண்ணப் போட்டுச் செஞ்சிருக்கறானுங்க, களவாணிப் பசங்க," என்றார். கம்பெனிக்காரர்களைத் திட்டிக்கொண்டே வெற்றிலைச் செல்லத்தை என் பக்கம் நகர்த்தினார். வேறு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நான் பெட்டியைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நர்சம்மா கேட்டார்: "இன்னிக்கு வெக்கலீங்களா?"

சுவர் பக்கம் போய் நின்றேன். "உருகிப் போச்சுங்க," என்றேன்.

"உருகிப் போச்சா? தட்டா?"

வளைந்த தட்டைச் சுவர் மேல் வைத்தேன். ஆசாரியிடம் போனதைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டே சிரித்தார். "ஐயோ சாமி, ஆசாரிகிட்டக் கொண்டுபோய் அரக்கு வெக்க அது என்ன தோடுங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து யாராவது சிரித்தால் உடம்பு சுருங்கிப் போகும். அன்றைக்கு அப்படி இல்லை.

பிறகு அவர் தட்டில் பதிந்திருந்த என் விரல் தடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கம்பெனியில மறுபடியும் போடுவாங்க இல்லீங்களா?"

"போடுவாங்க. இதைவிட நல்லாப் போடுவாங்க," என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு சேலம் போகும்போதெல்லாம் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டேன். அதற்கு முன்னால் எனக்கு வராத பேச்சு அந்த ஒரு தட்டுக்காக வந்தது.

"உனக்கு என்னய்யா அந்தத் தட்டு மேல அப்பிடி ஒரு இது?" என்பார் கடைக்காரர். "பாட்டு இருந்தாலே வாங்க ஆளக் காணோம். அரக்கெல்லாம் சண்டைக்குப் போவுதாம். முடியட்டும், பாப்போம்."

சண்டைக் காலத்தில் வந்த தட்டுகளோ, எண்ணெய்ச் சட்டியில் கடுகு போட்டது போல இரைந்தன. அப்படி ஒன்றாக அது வந்துவிடக் கூடாதே என்றும் பயந்தேன். வர வேண்டும், ஆனால் நன்றாக வர வேண்டும். மாலையில் வேறு தட்டுகளை வைத்துப் பார்த்தேன். நர்சம்மா கேட்டுவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்குதுங்க," என்பார். சீக்கிரம் உள்ளே போய்விடுவார்.

சண்டை முடிவதற்கு முன்பே அவருக்கு மாற்றலாகிவிட்டது. பொம்மிடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. சாமான்களை வண்டியில் ஏற்றியபோது நான் கிடங்குக்குப் போகாமல் கூடமாட இருந்து கட்டிக்கொடுத்தேன். வண்டி புறப்படும்போது, "தட்டு வந்தா சொல்லுங்க," என்றார். நான் தலையாட்டினேன். பிறகு அந்த வீட்டுக்கு யாரோ புளி வியாபாரி வந்தார். அவர் மூட்டை அடுக்கத்தான் அந்த வீட்டை எடுத்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

சண்டை முடிந்து, அந்தப் பழைய படத்தை மறுபடி கொட்டகைகளில் ஓட்டினார்கள். அந்தச் சமயத்தில் ஒருநாள் சேலம் கடையில் நுழைந்ததும் கடைக்காரர், "வாய்யா, உன் ஊமை வந்துட்டா," என்றார்.

கடைப் பெட்டியில் போட்டுக் காட்டினார். இரைச்சல் இல்லை. கிளாரினெட்காரர் மூச்சு இழுப்பது கூடக் கேட்டது. பிடில் வந்து சேர்ந்த பிறகும் வெட்டவில்லை. இரண்டும் சேர்ந்து போய், பிடில் நின்று, கிளாரினெட் தனியாகத் திரும்பி வந்து முடிந்தது. படத்தில் இருந்தபடியே, முழுசாக. வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டது ஆசைப்பட்டபடியே கிடைத்தது அது ஒன்றுதான். இருந்தது ஒரே ஒரு தட்டு.

தர்மபுரி பஸ்ஸுக்குப் போகவில்லை. நேராக ரயிலடிக்குப் போய்ப் பொம்மிடிக்குச் சீட்டு வாங்கினேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, யார் முழங்கையும் படாதபடி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து போனேன்.

நர்சம்மாவின் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்தது. அவருக்கு முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க, தட்டு வந்துருச்சா?" என்றார். வேறு எதற்கும் நான் வந்திருக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தட்டை நீட்டினேன். உறையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"அருமையா இருக்குதுங்க. பெட்டி எங்கீங்க?"

அப்போதுதான் எனக்குப் பெட்டியின் ஞாபகமே வந்தது. அது பென்னாகரத்தில் பூட்டிய வீட்டுக்குள் இருந்தது. பொம்மிடியில் யாரிடமும் பெட்டி இல்லை என்று நர்சம்மா சொன்னார். கொஞ்ச நேரம் இருவரும் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"சரி, நீங்களே பாடிக் காட்டுங்க," என்றார் சிரித்துக்கொண்டு.

எனக்கு அந்த வாத்தியம் தொடக்கம் முதல் கடைசி வரை மனப்பாடம். வாயைத் திறந்தேன். வரவில்லை. அவர் வற்புறுத்தவில்லை. காப்பி கொடுத்தார்.

புறப்படும்போது தட்டை உறையில் போட்டு என்னிடம் நீட்டினார். "எடுத்துட்டுப் போய் நீங்களாச்சும் கேளுங்க. இங்க இருந்து என்ன பண்ணப் போவுது?"

"இருக்கட்டுங்க," என்றேன். "பெட்டியக் கொண்டு வரேன்."

அவர் அதைத் துணியில் சுற்றி, தன் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்தார்.

இப்போது தட்டு அங்கே இருக்கிறது, பெட்டி இங்கே இருக்கிறது. சேலத்தில் அந்தத் தட்டு வேறு இல்லை. இன்னொரு தடவை அச்சடித்தால் எடுத்து வைப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறினால் வண்டியே என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "ஒரு பாட்டு வெய்ங்கண்ணா" என்று கேட்கும். அதை நினைத்தே பெட்டியைத் தொடாமல் தள்ளிப் போட்டேன். இப்படியே மழைக்காலம் போய்விட்டது.

போன வாரம் பெட்டியை ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் என்னைக் கண்டதும் குமுட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, "மறுபடியும் தட்டா? நான் தொடமாட்டேன் சாமி," என்றார்.

"தட்டு இல்லீங்க, கைப்பிடி," என்றேன். "தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும்."

"எவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போவோணும்?"

"பொம்மிடிக்குங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பித்தளையில் தடிப்பாக ஒரு கம்பியைத் தேடி எடுத்தார்.