கேரி தீவு: நிரம்பியே வீடு திரும்பும் தண்ணீர்ப் போத்தல்

மலேசியாவின் கேரி தீவுக்குப் பலர் கடலுணவு சாப்பிடப் போவார்கள். நான் போனது அங்கே ஐந்தாம் ஆண்டு படிக்கும் பதினொரு வயது திவ்யா தண்ணீர் குடிக்காததால். அவளுக்கு இரண்டு முறை சிறுநீர்த் தொற்று, காய்ச்சல். இன்னொரு முறை வந்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் போத்தல் நிரம்பியபடியே வீட்டுக்குப் போகிறது. தீவிலுள்ள தமிழ்ப்பள்ளியில் அவளுக்கு ஆசிரியையாக இருக்கும் என் தோழி கவிதா, "நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்குறாடி, நீ வந்து பேசு" என்றாள். பள்ளிகளுக்குப் போய்ச் சுகாதாரம் பற்றிப் பேசுவது என் வழக்கம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து கேஎல் சென்ட்ரலில் காலை ஏழு மணிக்கு கொம்யூட்டர் ரயில் ஏறினேன். கிள்ளானுக்கு ஒரு மணி நேரம், கட்டணம் பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்). அங்கிருந்து கிராப் வாடகைக் கார், முக்கால் மணி நேரம். பாலம் தாண்டியதும் இருபுறமும் செம்பனைத் தோட்டம்.

சோப்பும் போஸ்டரும் அடுக்கிய என் பெட்டியை டிரைவர் பார்த்தார். "என்ன தங்கச்சி, சோப்பு விக்கப் போறீங்களா?"

"பிள்ளைங்களுக்குச் சும்மா குடுக்க அண்ணே."

"திரும்பி வர வண்டி கிடைக்காது லா. நான் வெயிட் பண்றேன்."

ஒப்புக்கொண்டேன். நீங்களும் போகவர ஒரே வண்டி பேசிக்கொள்ளுங்கள்.

போனதும் ஆசிரியர் கழிப்பறைக்குப் போனேன். பளிச்சென்று இருந்தது. பிறகு வகுப்பில் தண்ணீரின் அருமையைப் பற்றி அரை மணி நேரம் முழங்கினேன். பிள்ளைகள் பொறுமையாகக் கேட்டார்கள், பாவம்.

ஓய்வு நேரத்தில் திவ்யா நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

"ஏன் சாப்பிடல?"

"சம்பல் காரம் அக்கா. தண்ணி கேக்கும்."

"குடியேன்."

"குடிச்சா டாய்லெட் போகணுமே."

"போயேன்."

"கதவ யாரு புடிப்பா?"

பக்கத்திலிருந்தவள் கத்தினாள்: "அவ கதவு கிள்ளானுக்கு வீடு மாறிப் போச்சு அக்கா!" எல்லோரும் சிரித்தார்கள். திவ்யா சிரிக்கவில்லை.

மாணவிகள் கழிப்பறையில் மூன்று கதவுகள். ஒன்றிலும் தாழ்ப்பாள் இல்லை. அதனால் ஜோடி ஜோடியாகப் போவார்கள். ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு. திவ்யாவுக்குக் கதவு பிடித்த தோழி பள்ளி மாறிவிட்டாள். "மத்தவங்க வேணும்னே விட்டுடுவாங்க அக்கா. ஒருவாட்டி விட்டுட்டாங்க." ஆக, அவள் தாகத்தோடு பசியையும் அடக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுவரில், கை கழுவும் ஏழு படிகள், மூன்று மொழிகளில், பிளாஸ்டிக் உறை போட்டு. அச்சடிக்கக் காசு இருந்திருக்கிறது. என் பெட்டியிலும் அதே போஸ்டர்தான்.

கவிதாவின் முகம் சுருங்கியது. "சத்தியமா தெரியாதுடி. நான் டீச்சர்ஸ் டாய்லெட்தானே போறேன்."

நானும்தான்.

தாழ்ப்பாள் போடத் தலைமையாசிரியர் சம்மதித்ததும், டிரைவர் அண்ணனோடு பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங் போய் மூன்று தாழ்ப்பாள் வாங்கி வந்தோம். ஸ்குரூடிரைவர் அவர் காரின் பின்பெட்டியில் இருந்தது. "இதுக்கா கேஎல்லேர்ந்து வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே திருகினார். நான் கதவை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

திவ்யா உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. திறந்தது. மறுபடி விழுந்தது. கவிதா அனிச்சையாகக் கதவைப் பிடிக்கப் போனாள்.

"டீச்சர், கைய எடுங்க," உள்ளேயிருந்து குரல். "நானே பூட்டிட்டேன்."

பள்ளி விடும்போது நாசி லெமாக் பொட்டலம் காலி. போத்தலில் பாதிதான் மிச்சம்.

இப்படி ஒரு பள்ளிக்குக் கிளம்புகிறவர்களுக்கு: சோப்பு கொண்டுபோங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேச ஆரம்பிக்குமுன் பிள்ளைகளின் கழிப்பறைக்குப் போங்கள். விருந்தாளி என்று ஆசிரியர் கழிப்பறையைக் காட்டுவார்கள், மறுத்துவிடுங்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். கையை எடுத்துப் பாருங்கள், கதவு நிற்கிறதா என்று.