சூரியன் மறைவதைப் பார்க்கப் போனோம்

காரில் நான்கு பேர் இருந்தோம்.

பின் சீட்டில் வலது பக்கம், தோக்கியோவிலிருந்து வந்த பெரிய அதிகாரி. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர். அவர் பக்கத்தில் இந்த ஊர் ஜப்பானிய அதிகாரி. சுற்றிக் காட்ட வந்தவர். முன் சீட்டில் பொன்னையா அண்ணே, மொழிபெயர்க்க. யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக்காரன் காலத்தில் கிளார்க். ஸ்டியரிங்கில் நான். கார் என்னுடையது. அதாவது, ஜப்பான்காரன் பினாங்கில் இறங்கும் வரை என்னுடையது.

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு?

இந்த எண்பத்திரண்டாம் வருஷப் பிறப்பில் அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டதே... அன்று முதல் டத்தோ கிராமாட் ரோட்டுக் கோப்பிக் கடையில் ஒரே புலம்பல். பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போகிறார்களாம். பசி தப்பான நேரத்தில் வருகிறதாம். போன வாரம் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "முழுசா அரை மணி லா, அண்ணே. எப்படிச் சமாளிக்கிறது?"

அரை மணிதானே? ஜப்பான்காரன் ஒன்றரை மணி தள்ளினான்.

தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் பினாங்கிலும் மணி என்று உத்தரவு. பழைய மணியைச் சொன்னால் கன்னத்தில் அறை. ஊரில் இருந்த கடிகாரமெல்லாம் கீழ்ப்படிந்தது. சேவலும் சூரியனும் மட்டும் கேட்கவில்லை. சேவலைப் பிடித்துத் தின்றுவிட்டார்கள். சூரியனை என்ன செய்வது? அது அவர்கள் கொடியில் இருந்தது.

அன்று காலையிலேயே உள்ளூர் அதிகாரி எனக்கு ஒரு விஷயம் சொல்லி அனுப்பினார். இன்றைக்கு ஏதாவது பிசகினால் நீ சயாமுக்கு. அவ்வளவுதான். சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். போனவர்களிடமிருந்து தகவல் வராது.

ஆகவே ஒழுங்காக ஓட்டினேன். ஆயர் ஈத்தாம் கோயிலைக் காட்டினோம். கொடிமலையில் ஏற்றி இறக்கினோம். பாம்புக் கோயிலில் பாம்புகள் அசையாமல் கிடந்தன. நல்ல கட்டுப்பாடு என்று தோக்கியோப் பெரியவர் பாராட்டினார்.

எல்லாம் சரியாகத்தான் போனது. வெள்ளைக்காரன் விட்டுப்போன ஒரு வழிகாட்டிப் புத்தகம் உள்ளூர் அதிகாரியின் கையில் இருந்தது. வந்த வினை அதில்தான் இருந்தது. மாலை ஆறரை மணிக்கு எஸ்பிளனேட் திடலுக்குப் போய் நின்றால் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதைப் பார்க்கலாம், தவறவிடாதீர்கள் என்று அதில் போட்டிருந்தது. போனோம். கடலோரம் நின்றோம். குண்டு விழுந்து சாய்ந்த மணிக்கூண்டு ஆறரை காட்டியது.

சூரியன் ஒரு பனை உயரத்தில் நின்று எரித்துக்கொண்டிருந்தது.

உள்ளூர் அதிகாரி புத்தகத்தைப் பார்த்தார். மணிக்கூண்டைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அறையக்கூடிய தூரத்தில் இருந்தது நான்தான்.

பொன்னையா அண்ணே மெதுவாகச் சொன்னார். "தம்பி, சூரியன் ஏன் இன்னும் இறங்கேல்லை எண்டு பெரியவர் கேக்கிறார்."

"மணிய ஒன்னரை மணி தள்ளி வெச்சா எப்படிண்ணே எறங்கும்?"

"அதைச் சொன்னா நீரும் நானும் சயாமிலை நிண்டுதான் சூரியனைப் பாக்கவேணும். பேசாமல் நில்லும்."

அண்ணே ராத்திரி வகுப்புக்குப் போய் ஜப்பானிய மொழி படித்தவர். அங்கே சொல்லிக் கொடுத்ததெல்லாம் புகழ்கிற வார்த்தை, மன்னிப்புக் கேட்கிற வார்த்தை. மணிக் கணக்கை விளக்க அவரிடம் சரக்கு இல்லை. இருந்ததை வைத்து ஒரு பதில் கட்டினார். பிறகு எனக்கு அர்த்தம் சொன்னார் — பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இறங்குவது மரியாதை இல்லை என்று சூரியன் காத்திருக்கிறது.

பெரியவர் முகம் மாறவில்லை. தோக்கியோவில் இல்லாத சூரியனா? அவருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் மணி தப்பு என்று சொல்ல முடியாதபடி அவருக்கும் மேலே ஆள் இருந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். சூரியன் நமக்காகக் காத்திருந்தால் அதற்கு முன்னால் நாம் கிளம்பக் கூடாது என்றாராம்.

நின்றோம். மேற்கே பார்த்தபடி, நான்கு பேரும். அசையக் கூடாது, பேசக் கூடாது.

முதலில் ஒரு கச்சான் கடலை வியாபாரி அந்த வழியாக வந்தார். ஜப்பான்காரன் நின்றால் குனிய வேண்டும். குனிந்தார். நிமிர்ந்து பார்த்தார். யாரும் அசையவில்லை. போனால் அடி விழுமோ என்று அவரும் எங்கள் பின்னால் நின்றுகொண்டார். அவரைப் பார்த்து இரண்டு பேர். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். எதற்கு நிற்கிறோம் என்று எவனுக்கும் தெரியாது. கேட்கத்தான் பயம், நிற்க என்ன பயம்?

துறைமுக ஆட்கள் வேலை விட்டு வரும் நேரம். அந்தக் காலத்தில் வரிசை என்று ஒன்று இருந்தால் அதன் முனையில் அரிசி இருக்கும். மூட்டை தூக்கும் முனியாண்டி எனக்குத் தெரிந்தவன். கையில் துணிப்பையோடு வரிசையில் புகுந்து என் பின்னால் நின்றான்.

"என்னாண்ணே குடுக்கிறாங்க? அரிசியா?"

நான் வாய் திறக்கவில்லை. உத்தரவு அப்படி. அவன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டான். பின்னால் இருந்தவனிடம் அரிசிதான் என்று சொல்வது காதில் விழுந்தது. வரிசை நீண்டது. நேராகவும் ஆனது.

ஒரு வழியாகச் சூரியன் இறங்கியது. பெரியவர் குனிந்து வணங்கினார். எல்லோரும் வணங்கினார்கள். சூரியன் மேல் இவ்வளவு பக்தி உள்ள ஜனங்களை அவர் எங்கும் கண்டதில்லையாம். பொன்னையா அண்ணே சொன்னார்.

உள்ளூர் அதிகாரிக்குப் பரம திருப்தி. என்னை மறந்தே போனார். திரும்பினார். அப்போதுதான் வரிசையைப் பார்த்தார்.

சயாமுக்கு ஆள் தேடி அவர்கள் ரப்பர்த் தோட்டம் தோட்டமாக அலைந்துகொண்டிருந்தார்கள். இங்கே வாட்டசாட்டமான ஆட்கள் தாங்களாகவே வந்து, சத்தம் போடாமல், வரிசையில் நிற்கிறார்கள். விடுவாரா?

திடலை ஒட்டிய கோட்டைப் பக்கத்திலிருந்து லாரி வந்தது. யாரையும் அடிக்கவில்லை, தள்ளவில்லை. அரிசி வேறு இடத்தில் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். முனியாண்டி மேலே நின்று என்னைப் பார்த்துப் பையை ஆட்டினான்.

"அங்கை பாராதையும், தம்பி," என்றார் பொன்னையா அண்ணே. "காரை எடும்."

எடுத்தேன். ஆனாலும் பார்த்தேன்.

அரை மணிக்குப் புலம்புகிறவர்கள் புலம்பட்டும். கோப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

லாரியில் ஏறியவர்கள் இருபத்து மூன்று பேர். ஜப்பான் சண்டை முடிந்து, முனியாண்டியைத் தேடிப் போனபோது, அவர்களில் சயாமிலிருந்து திரும்பி வந்தவர்களையும் எண்ணினேன்.

இரண்டு.