மணி அடித்தால் கை கழுவணும்

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குள் யாரும் சும்மா நுழைந்துவிட முடியாது. வாசல் மிதியடியில் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று வயது முடிந்த என் மகள் நிலைப்படியை அடைத்துக்கொண்டு நம் உள்ளங்கைகளை உற்றுப் பார்ப்பாள். பேசாமல் விலகினால் உள்ளே போகலாம். "ஙொய்ங்" என்று கத்தினால் வெளிக்குழாயில் கையைக் கழுவிவிட்டு வந்து முதலிலிருந்து நிற்க வேண்டும்.

இது அவள் அப்பாவின் வேலையிலிருந்து வந்த விளையாட்டு. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவர்கள் ஓர் இயந்திரத்தின் மேல் ஏறி நின்று கையையும் காலையும் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். அது அமைதியாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். மணி அடித்தால் கதிரியக்கத் தூசு ஏதோ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்; கழுவிவிட்டு மறுபடி வந்து நிற்க வேண்டும். ஒரு மாலை அவர் விளையாட்டாக இதை நடித்துக் காட்டினார். அவருக்குக் கை நீட்டி நின்ற குழந்தை, மறுநாளே தானே இயந்திரமாகிவிட்டது.

புதுப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவையும் அவள் விடவில்லை.

"இன்னாடி கண்ணு, காலைலேந்து மீனத் தொட்ட கையி. உன் மிஷினு கூவாம இன்னா பண்ணும்?"

"ஙொய்ங்!"

"பாத்தியாம்மா? உம் பொண்ணு என்னிய யாவாரம் பண்ண வுடாது போல கீது." கூடையை இறக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போவார்.

நானும் சிரிப்பேன். ஆனால் அந்த 'ஙொய்ங்'கைத் தவிர, அம்மா, அப்பா, தா, போ என்று விரலில் அடங்கும் சொற்கள்தான் அவளிடம் இருந்தன. எதிர்வீட்டுப் பெண் இவளைவிடச் சின்னவள். பாட்டும் கதையுமாகப் பேசிக்கொண்டிருப்பாள். அவள் அம்மா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "எந்நேரமும் இப்படி வெளையாட்டு காட்டிக்கிட்டே இருந்தா பேச்சு எப்படிங்க வரும்? உக்கார வெச்சு சொல்லிக்குடுங்க."

உட்கார வைத்தேன். படங்கள் போட்ட அட்டைகளை வாங்கி வந்து ஆப்பிள், ஆடு என்று காட்டினேன். அவள் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். அதே குழந்தை வாசலில் நிற்கும்போது பொறுமையே உருவாக இருந்தாள். தன் முறை வரும்வரை காத்திருந்தாள். எதற்குப் பின் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் கழுவாமலே ஈரம் மட்டும் தொட்டு வந்தால் கண்டுபிடித்தாள். சில நேரம் தான் அப்பாவாகவும், நான் இயந்திரமாகவும் இருக்க வேண்டும் என்று என்னைப் பிடித்து நிறுத்தினாள். இவ்வளவும் தெரிகிற தலைக்குள் சொற்கள் இல்லாமலா இருக்கும் என்று ஒரு மனம் சொல்லும். நீ ஆறுதல் தேடுகிறாய் என்று இன்னொரு மனம் சொல்லும்.

ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன். திரும்பினாள். மறுபடி மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. அப்போதுதான் அந்த எண்ணம் வந்து உட்கார்ந்தது. அவள் அப்பா 'ஙொய்ங்' என்று நடித்துக் காட்டியபோது இவள் சத்தத்தைக் கேட்டாளா, உதட்டைப் பார்த்தாளா?

குழந்தை மருத்துவர் செங்கல்பட்டில் ஒரு கிளினிக்கில் காதைச் சோதிக்கச் சொன்னார். அன்று என் கணவருக்குக் காலை ஷிப்டு. "லீவு சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள், வரச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றிவிட்டது.

சோதனை அறை, அறைக்குள் இருந்த இன்னொரு சின்ன அறை. சுவரெல்லாம் மெத்தை போல ஏதோ ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் சோதிக்கிற பெண், என் வயதுதான் இருக்கும். இந்தப் பக்கம் ஒரு குட்டி மேசையில் மரக்கட்டைகளும் ஒரு டப்பாவும். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையை எடுத்து டப்பாவில் போட வேண்டும்.

"நீங்க பக்கத்துல உக்காரலாம் மேடம். ஆனா பேசக்கூடாது, தலை ஆட்டக்கூடாது, கண்ணு கூடக் காட்டக்கூடாது. நீங்க காட்டினா, அவ கேட்டாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

"இன்னைக்குச் சரியா செய்யலைன்னா?"

"மெட்ராஸ்ல தூங்க வெச்சு எடுக்கிற டெஸ்ட் இருக்கு. அதுக்கு எழுதித் தரேன். பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. மயக்க மருந்து, காது மெஷின், எதிர்வீட்டுக் குழந்தையின் பாட்டு எல்லாம் ஒன்றாக வந்தன.

பெரிய ஹெட்போனை மாட்டியதும் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. சத்தம் அவள் காதுக்குள் மட்டும்தான். கட்டைகள் அப்படியே இருந்தன. அவள் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணும் போடலையே," என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தது. "சத்தத்தைக் கூட்டிப் பாக்கறேன்."

நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். போடு, போடு என்று மனத்துக்குள் கெஞ்சினேன். எதுவும் விழவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் குனிந்து ஏதோ குறித்தாள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் தலையைக் குனிந்தேன்.

மேசைக்கு அடியில், மடியில் கிடந்த என் மகளின் கைகள் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டன. பிறகு நின்றன.

குளிருகிறது போல என்று நினைத்தேன். மறுபடி தேய்த்தன, கழுவுவது போல, விரல் இடுக்கெல்லாம். பிறகு கவுனில் துடைத்துக்கொண்டு உள்ளங்கைகளை மேலே திருப்பி வைத்துக் காத்திருந்தன.

சத்தம் கேட்டுத்தான் கழுவுகிறாளோ? உடனே சந்தேகமும் வந்தது. சத்தம் எப்போது வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? சும்மாவே தேய்க்கிறாளோ? நிமிர்ந்து கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன். அவள் விரல் ஒரு பொத்தானை அழுத்தியது. குனிந்தேன். கைகள் தேய்த்தன. மீண்டும் நிமிர்ந்தேன். விரல் சும்மா இருந்தது. மடியில் கைகளும் சும்மா இருந்தன. விரல் அழுத்தியது. தேய்த்தன.

பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில்கூட ஆசிரியர் அனுமதி இல்லாமல் எழுந்து நின்றவள் இல்லை. பேசினால் சோதனை கெட்டுவிடும். பேசாவிட்டால் கேட்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். என் ஆசைதான் இப்படிக் காட்டுகிறது என்றால்?

"மேடம், நிறுத்துங்க." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அவ கையைப் பாருங்க. மணி அடிச்சா கை கழுவணும்னு எங்க வீட்ல ஒரு வெளையாட்டு."

அந்தப் பெண் உள்ளே வந்தாள். நான் இயந்திரத்தைப் பற்றி, ஷிப்டைப் பற்றி, மிதியடியைப் பற்றி உளறியதை முழுக்கக் கேட்டாள். முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. ஆனாலும் மேசையை நகர்த்திவிட்டு, கட்டைகளை எடுத்துவிட்டு, காலி டப்பாவை என் மகளின் மடியில் வைத்தாள்.

"பாப்பா, இதான் குழாய். மணி அடிச்சா என்ன பண்ணணும்?"

என் மகள், முதன்முறையாக ஓர் அந்நியருக்குப் பதில் சொன்னாள். "கை."

"இப்ப நீங்க கண்ணை மூடிக்கோங்க மேடம்," என்றாள் அந்தப் பெண் என்னிடம். மூடிக்கொண்டேன். டப்பாவுக்குள் விரல்கள் உரசும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை. திரும்பவும் அந்த உரசல்.

முடிந்ததும் அந்தப் பெண் சொன்னாள். பெரிய சத்தம் இரண்டு காதிலும் கேட்கிறது. மெல்லிய சத்தம் சரியாக விழவில்லை, இடது காதில் இன்னும் குறைவு. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம். சளி பிடிக்கிற பிள்ளைகளுக்கு வருவதுதான். காது டாக்டர் பார்த்து மருந்து தருவார், பிறகு மறுபடி சோதிக்கலாம். பேச்சும் மெல்லத் தெளியும்.

"தூங்க வெக்க வேணாமா?"

"இப்ப வேணாம். வீட்ல அந்த வெளையாட்டை மட்டும் நிறுத்திடாதீங்க. முகத்துக்கு நேரா உக்காந்து நீங்களும் சேந்து வெளையாடுங்க, வெளையாடறப்ப பேசிட்டே இருங்க. அட்டையில வராத வார்த்தை அதுல வரும்."

மதியம் ஷிப்டு பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் ஏறக்குறைய ஓடி வந்தார். "என்ன சொன்னாங்க?" என்று தெருவிலிருந்தே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் நிலைப்படியில் போய் நின்றுகொண்டாள்.

"கை," என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் காட்டவில்லை. காட்டக்கூடாது என்று அன்றுதான் கற்றிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு மிதியடியில் ஏறி, இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் நிதானமாக ஒரு கையைப் பார்த்தாள், மறுகையைப் பார்த்தாள். மணி அடிக்கவில்லை.

"போ," என்று விலகினாள்.

அதற்குப் பிறகுதான் அவருக்குச் சொன்னேன்.