கவிதாவுக்கு நான் பார்த்துக் கொடுத்த வீடு

ஈரத் தலையோடு கவிதா என் கடைக்குள் வந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். காரைக்காலில் வாடகை வீடு பார்த்துக் கொடுக்கும் தொழிலில் எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். கவிதா நர்ஸ், அம்பகரத்தூர்ப் பெண். டவுனில் வேலை கிடைத்து, மூன்று வாரம் முன்புதான் நான் காட்டிய வீட்டில் தனியாகக் குடிவந்திருந்தாள்.

"அக்கா, குளிச்சிட்டு வெளில வர்றேன், ஓனர் ஹால்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்காரு. கதவ நான் பூட்டித்தான் வச்சிருந்தேன்."

"என்ன சொன்னாரு?"

"பைப் ஒழுவுதான்னு பாக்க வந்தாராம். அவர்ட்ட இன்னொரு சாவி இருக்குக்கா."

அந்த வீடு வேண்டாம் என்று பிலோமினா என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

பிலோமினாவும் நானும் ஒரே பத்திரம் எழுதுபவரிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர்கள். பிறகு ஒரே தெருவில் ஆளுக்கொரு கடை போட்டோம். நான் பெயின்ட், போர் தண்ணீர், வாசல் திசை பார்ப்பேன். அவளோ வீட்டு ஓனர் எப்படிப்பட்டவர் என்று பார்ப்பாள். முன்பு குடியிருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் போனில் விசாரிப்பாள். பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்குவாள். வாடகை வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று படிப்பாள். கொஞ்ச நாளில் என் பார்ட்டிகளே, "இது பிலோ மேடம் செக் பண்ண வீடாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கவிதாவும் முதலில் அவளிடம்தான் போயிருந்தாள். அந்த வீட்டை அவள் காட்ட மறுத்ததும் என்னிடம் வந்தாள். "அவளுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று சொல்லி நான் வீட்டைக் காட்டினேன். அன்று சாயங்காலமே பிலோமினா போன் செய்தாள்.

"அந்த வீடு வேண்டாம்டி. வந்து என் நோட்டப் பாரு."

"என் பார்ட்டி. நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டேன். மறுநாள் கவிதாவுக்குச் சாவியை வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது கவிதாவைக் கூட்டிக்கொண்டு அவள் கடைக்குப் போனேன். நோட்டில் அந்த வீட்டுக்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. முன்பு இருந்த மூன்று பேரும் தனியாக இருந்த பெண்கள். யாரும் ஐந்து மாதம் தாண்டவில்லை. மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: பைப் பார்க்க வந்தார். கீழே வில்லங்கத்தில் இருந்த விவரம்: வீடு பிரான்சில் இருக்கும் ஓனருடைய அக்கா பெயரில், அவருக்கு அக்கா கொடுத்த பவர் பத்திரம் ரத்து.

பிலோமினா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "மொதல்ல இந்தப் பொண்ணு சாமான எடுப்போம்" என்றாள். அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

சாமானை ஏற்றிவிட்டு மூவரும் ஓனர் குடியிருக்கும் வீட்டுக்குப் போனோம். அவர் மிகவும் தணிவாகப் பேசினார். "வாங்கம்மா. அக்ரிமென்ட் பதினோரு மாசமாச்சே. நடுவுல காலி பண்ணா அட்வான்ஸ் திரும்பாது."

பிலோமினா வில்லங்க நகலை நீட்டினாள். "பவர் ரத்தாகி வருஷமாச்சு சார். எந்த அதிகாரத்துல அக்ரிமென்ட் போட்டீங்க? ஒங்க அக்காட்ட கேக்கட்டுமா?"

அவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு உள்ளே போய் அட்வான்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கவிதா அத்தோடு விடவில்லை. போலீஸில் புகார் கொடுத்தாள். என்னையும் விசாரித்தார்கள். எச்சரிக்கை வந்தும் அந்த வீட்டைக் கொடுத்தேன் என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது பிலோமினா பக்கத்தில் இருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சுவரைத் தட்டிப் பார்க்கும் முன், அங்கே இருந்துவிட்டுப் போனவர்களிடம் பேசுங்கள். யாரும் நிலைத்து இருக்காத வீடு என்றால் காரணத்தைக் கேளுங்கள். உங்களைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் வேண்டாம் என்றால், கோபத்தை வைத்துக்கொண்டாவது போய்க் கேளுங்கள். எனக்கு அந்தப் பொறாமை இன்னும் போகவில்லை. ஆனாலும் போய்க் கேட்கிறேன்.

போன மாதம் கவிதாவின் தங்கைக்கு வீடு தேவைப்பட்டது. இருவரும் என் கடையைத் தாண்டித்தான் பிலோமினாவிடம் போனார்கள். கவிதா நின்று, "சாப்டீங்களாக்கா?" என்று விசாரித்தாள். வீடு இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை.